ஞாயிற்றுக்கிழமை ஊதிய மூச்சு

நான் படிப்பை முடிக்கும் முன்பே என்னை ஊரெல்லாம் டாக்டரம்மா ஆக்கிவிட்ட என் அன்பு அண்ணே,

நேற்று திங்கட்கிழமை. வழக்கம்போல ராஜபாளையத்தில் ஒரு மில் வாசலில், ஷிப்ட் முடிகிற நேரத்தில், மூச்சை ஊதிப் பார்க்கும் கருவியோடு உட்கார்ந்திருந்தேன். பஞ்சுத் தூசி நுரையீரலை என்ன செய்கிறது என்பதுதான் இத்தனை வருடமாக என் ஆராய்ச்சி. "திங்கக்கிழமை டாக்டர் வந்துட்டாக" என்று தொழிலாளிகள் கேலி செய்கிறார்கள். ஏன் திங்கட்கிழமை என்று அவர்களிடம் நான் சொன்னதில்லை. உன்னிடமும்தான் சொல்லவில்லை.

மடவார் வளாகம் பகுதியில் இருந்த நம் வீட்டில் ஒரு ஞாயிறு; நான் டாக்டராகிய புதிது. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தாய். "ஏட்டி, லீவு முடிஞ்சு போற அன்னைக்குத்தான் நெஞ்சப் புடிக்குது. பொறவு அம்புட்டாத் தெரியல" என்றாய். பஞ்சு உடைக்கிற ப்ளோ ரூமில் உனக்கு வேலை. "அது நெஞ்சு இல்லண்ணே, உனக்கு உடம்பு வளையல" என்றேன். அண்ணி சிரித்தார். நீயும் சிரித்தாய், அதைத்தான் இன்றும் என்னால் தாங்க முடியவில்லை.

கையோடு கொண்டு வந்திருந்த கருவியில் அங்கேயே உன்னை ஊதச் சொன்னேன். கன்னம் உப்ப ஊதினாய். ஒரு சீட்டில் 'நார்மல்' என்று எழுதிக் கொடுத்தேன். வாட்ச்மேன் வேலைக்கு மாறிக்கொள்ளட்டுமா என்று கேட்டாய். "எதுக்கு? நல்லாத்தானே ஊதுற" என்றேன். என் பேச்சை நம்பிப் பல வருடம் அந்தத் தூசிக்குள்ளேயே நின்றாய்.

நீ சொன்னதுதான் அண்ணே, இந்தப் பஞ்சுத் தூசி நோயின் அடையாளமே. ஓய்வு நாளில் மூச்சு தேறிவிடும், திரும்பப் போகிற முதல் நாள்தான் இறுக்கும். திங்கள் மாலை ஊத வைத்திருக்க வேண்டிய உன்னை ஞாயிறன்று ஊத வைத்தேன். இது எனக்கு உறைத்தபோது, நீ பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் மூச்சு வாங்கி நாலு இடத்தில் நிற்க ஆரம்பித்திருந்தாய். தப்பு என்னுடையது என்று அப்போதாவது சொன்னேனா? மருந்து மட்டும் எழுதினேன்.

நேற்று ஒரு பெண் வந்தாள். "லீவுல நல்லாத்தான் இருக்கேன் டாக்டர். வேலைக்குப் போனாத்தான் இறுக்குது. சொன்னா வீட்ல சோம்பேறிங்காக" என்றாள். ஊதும்போதே இருமல். தூசி இல்லாத பிரிவுக்கு மாற்றச் சொல்லி எழுதி, மேனேஜர் கையில் நானே கொடுத்தேன். "அடுத்த மாசம் பாக்கலாம்" என்றார். "நீங்க மாத்துற வரைக்கும் இங்கனதான் உக்காந்திருப்பேன்" என்றேன். இன்று அவள் பேக்கிங்கில் நிற்கிறாள்.

போன வாரம் உன் திதி முடிந்ததும், உன் சட்டைப்பையில் இருந்த அந்த 'நார்மல்' சீட்டை அண்ணி என்னிடம் கொடுத்தார். மடித்து மடித்துக் கிழிந்திருந்தது. "தங்கச்சி எழுதினது" என்று மில்லில் எல்லோரிடமும் காட்டுவாயாமே.

இனி யார் சொல்வதையும் முழுதாகக் கேட்காமல் அந்தச் சொல்லை எழுத மாட்டேன், அண்ணே.

நீ நம்பிய,
உன் தங்கச்சி