நன்றாக இழுக்கிறது

மேல்பட்டாம்பாக்கம்
6.10.2025

அன்புள்ள அண்ணனுக்கு, மகேசு எழுதுவது.

இங்கே நான் சுகம். போனில் எழுதி அனுப்பினால் நீ பார்ப்பதே இல்லை என்று அண்ணி சொன்னார்கள். அதனால் தபால்காரரை நம்பிவிட்டேன். காய்ச்சலில் காது போனதிலிருந்து பட்டறையைத் திறக்கவில்லையாமே? நாலு மாதமாகச் சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாயாமே?

எனக்கு ஒரு உதவி வேண்டும். நெல்லிக்குப்பத்தில் பழைய இரும்புக்குப் போக இருந்ததை மீட்டுக் கொண்டுவந்து எனக்குத் தந்தாயே, அந்தப் பெட்ரோல் டிராக்டர்தான். கரும்பில் மழைத்தண்ணீர் நிற்கிறது. இறைக்கிற பம்பு இந்த வண்டியில்தான் ஓட வேண்டும். பத்து நாளாகத் தொல்லை. சும்மா ஓடும்போது வேகம் ஏறுகிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. பம்பு பெல்ட்டை மாட்டினால் நன்றாக இழுக்கிறது. பண்ருட்டிப் பக்கமிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். கார்புரேட்டரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் மியூசியத்துல வைக்கிற சாமான்க்கா" என்று சொல்லிக் கிளம்பிவிட்டார்.

என்ன செய்ய வேண்டும் என்று எழுது. அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை
மகேஸ்வரி


சிதம்பரம்
10.10.2025

மகேசுவுக்கு,

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பம்பை மாட்டினால் நன்றாக இழுக்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். பாரத்தை நன்றாக இழுக்கிற வண்டிக்கு என்ன வைத்தியம் பார்ப்பது?

எனக்குப் புரிகிறது. "அந்த மனுசனுக்கு எதுனா வேல குடு மகேசு" என்று உன் அண்ணி அழுதிருப்பாள். நீ இல்லாத கோளாறை உண்டாக்கி அனுப்பியிருக்கிறாய். முப்பது வருஷம் எஞ்சினைக் காதால் பார்த்தவன் நான். இப்போது முதுகுக்குப் பின்னால் லாரி வந்து நின்றாலும் தெரியவில்லை. காதில் மிஷின் வைத்தால் வெறும் இரைச்சல். எனக்கு எதற்கு இந்தப் பிச்சை?

இதைப் பற்றி இனி எழுதாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

த. செந்தமிழ்செல்வன்


மேல்பட்டாம்பாக்கம்
14.10.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

பாங்க் பாரத்தில் போடுவதுபோல் இனிஷியலோடு கையெழுத்துப் போட்டிருக்கிறாய். அன்று சாயங்காலம் நான் எழுதியதை நினைத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. மழைக்காலத்தில் அப்பாவுக்கு நெஞ்சு விசிலடிக்குமே, "நேத்தெல்லாம் நல்லா இழுத்துச்சு இவுருக்கு" என்று அம்மா சொல்வாரே, அந்த இழுப்பைத்தான் எழுதினேன். நீ உன் தொழில் இழுப்பாகப் படித்துவிட்டாய். பெல்ட்டை மாட்டியதும் வண்டி அப்பா மாதிரியே திணறி, ஐம்பது எண்ணுவதற்குள் நின்றுபோகிறது. எம்.ஏ. தமிழ் படித்தவள் எழுதிய லட்சணம் இது.

அண்ணி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் ஒன்றை மறைக்க மாட்டேன். வண்டி கெட்டபோது எரிச்சலுக்கு நடுவே கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது, உனக்கு எழுத ஒரு காரணம் கிடைத்ததே என்று. அது பிச்சையா?

பதினோரு வருஷத்துக்கு முன்னால் கணவர் வீட்டைவிட்டு ஒரு பெட்டியோடு நான் வந்தபோது, வந்தவர்கள் எல்லாரும் "எப்பம்மா திரும்பிப் போற?" என்றே கேட்டார்கள். நீ ஒன்றும் கேட்கவில்லை. இந்த வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தி, "ஏறு. கிளச்ச மெதுவா வுடு" என்றாய். இன்றுவரை என் சோறு அந்த இருக்கையிலிருந்துதான் வருகிறது. நீ எனக்குப் பிச்சை போட்டதாக நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

கரும்பின் அடியில் தண்ணீர் இன்னும் நிற்கிறது. எழுதுவாயா?

மகேசு


சிதம்பரம்
16.10.2025

அன்புள்ள மகேசு,

படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன் போலிருக்கிறது. உன் அண்ணி அடுப்படியிலிருந்து ஓடி வந்து பார்த்தாள். அப்பாவின் இழுப்பை மறந்தேனே. பிச்சை என்று எழுதியதை மனதில் வைத்துக்கொள்ளாதே.

இனி சத்தத்தை எழுத வேண்டாம். கண்ணால் பார்த்ததை எழுது.

வண்டி சும்மா ஓடும்போது சோக்கைப் பாதி இழு. ஏற்ற இறக்கம் அடங்கினால் பெட்ரோல் போதவில்லை, கார்புரேட்டருக்குள் பெட்ரோல் பாயும் ஜெட்டில் அழுக்கு என்று அர்த்தம். ஜெட்டைக் கழற்றிப் பெட்ரோலில் ஊறப்போட்டு, சைக்கிள் பம்பால் ஊது. கம்பி மட்டும் விடாதே, துளை பெரிதாகிவிடும்.

பிறகு எஞ்சினை நிறுத்திவிட்டு, வேகம் கூட்டும் கை லீவரை முழுக்க வை. வேகத்தை நிலையாக வைக்கும் கவர்னரிலிருந்து கார்புரேட்டருக்கு ஒரு கம்பி போகும். பாரம் ஏறும்போது கார்புரேட்டரைத் திறந்துவிடுவது அதுதான். கார்புரேட்டரின் கை கடைசிவரை போய் முட்டுகிறதா என்று பார். நடுவில் நின்றால், கம்பி முனையில் உள்ள நட்டைத் தளர்த்தி, முட்டும்வரை நீளத்தைச் சரிசெய். அவசரப்படாதே.

அண்ணன்


மேல்பட்டாம்பாக்கம்
22.10.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

என் தீபாவளி ஜெட்டோடு போயிற்று. சோக்கைப் பாதி இழுத்ததும் வேகம் அடங்கியது. கழற்றி ஊதிக்கொண்டிருந்தபோது பக்கத்து வயல் கொளஞ்சியம்மாள் வந்து நின்றார். "ஊரே பட்டாசு கொளுத்துது, நீ என்னாடி சைக்கிள் பம்போட மல்லுக்கட்டுற?"

"டிராக்டருக்கு எண்ண தேச்சு வுடுறேன் பெரிம்மா."

"சீயக்கா போட மறந்துடாத. அப்பிடியே ஒரு புதுத்துணியும் எடுத்துக் குடு."

கார்புரேட்டரின் கை முட்டவில்லை. சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. பழைய நட்டு வரவே மாட்டேன் என்றது. விரல் முட்டியில் தோல் போனது. ஆறு சுற்றில் போய் முட்டியது. நேற்று பெல்ட்டை மாட்டினேன். ஒருதரம் வேகம் குறைந்தது. கம்பி தானாக நகர்ந்தது. மறுபடி வேகம் ஏறி நிலையாக நின்றது. மூன்று மணி நேரம் நிற்கவே இல்லை. இன்று காலையில் கரும்பின் தூரில் மண் தெரிகிறது.

கூடப் பிறந்தவனுக்கு நன்றி என்று எழுதினால் அந்நியமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன், இதற்கும், அன்று வண்டி தந்ததற்கும். நாற்பது கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து என் வண்டியைச் சரிசெய்திருக்கிறாய். இதில் காது எங்கே இருந்தது, அண்ணா?

மகேசு


சிதம்பரம்
3.11.2025

அன்புள்ள மகேசு,

ஒரு வாரம் உன் கேள்வியையே யோசித்துக்கொண்டிருந்தேன். இப்படி ஒன்றைக் கேட்க உனக்குத்தான் தோன்றியது. உனக்கு நான் என்ன கைம்மாறு செய்யப் போகிறேன்?

வெள்ளிக்கிழமை பட்டறையைத் திறந்தேன். வாசலில் ஒரு அட்டை எழுதி மாட்டியிருக்கிறேன்: "எனக்குக் காது கேட்காது. கோளாறை எழுதிக் கொடுக்கவும். கண்ணால் பார்த்ததை மட்டும்." பக்கத்தில் நோட்டும் பென்சிலும் நூலில் கட்டித் தொங்கவிட்டேன். யாரும் வர மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

பரங்கிப்பேட்டையிலிருந்து ஜெயப்பிரகாஷ் என்று ஒருவர் படகு எஞ்சினைத் தூக்கிக்கொண்டு வந்தார். அட்டையைப் படித்தார். அரை மணி நேரம் குனிந்து எழுதினார். கண்ணால் பார்த்தது என்று போட்டிருக்கிறேன் அல்லவா, மாமியாரைப் படகில் ஏற்றிப் போனதிலிருந்து ஆரம்பித்து ஒரு பக்கம். கடைசி வரியில்தான் எஞ்சின் வந்தது.

படித்துவிட்டுச் சிரித்தேன். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். எனக்குப் பிடிபடவில்லை. முன்பென்றால் தலையாட்டிவிட்டு உள்ளே போயிருப்பேன். பென்சிலை அவர் கையில் கொடுத்து நோட்டைத் திருப்பி நீட்டினேன்.

அண்ணன்