அமாவாசைக்கு விட்டுப்போன சொல்

திருச்சி, 17-7-1969

அப்பாவுக்கு உங்கள் திலகம் வணங்கி எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலியும் அம்மாவின் இருமலும் எப்படி இருக்கின்றன?

பயப்படாதீர்கள், ஆஸ்பத்திரியில் வேலைக்கு ஒன்றும் பங்கமில்லை. ஒருவரிடம் சத்தம் போட்டுவிட்டேன், அவ்வளவுதான்.

ஸ்ரீரங்கத்திலிருந்து கோபு என்று நாலு வயதுப் பையன் என்னிடம் பேச்சுப் பயிற்சிக்கு வருகிறான். நாம் சொல்வதெல்லாம் அவனுக்குப் புரியும். உதடும் நாக்கும்தான் அவன் சொன்னபடி கேட்பதில்லை. தினமும் விடாமல் பழக்கினால்தான் ஒரு சொல் படியும். பாடுபட்டு "அப்பா" வந்தது. வீட்டிலும் பழக்கச் சொல்லியிருந்தேன்.

நேற்று வந்தான். உதட்டைச் சேர்க்கிறான், சத்தமே வரவில்லை. அவன் அப்பா ராஜகோபாலன் வேதம் சொல்லிக்கொடுப்பவர். கேட்டால், "அமாவாசையும் பிரதமையும் அனத்யயனம்மா. வேத பாடமே நிறுத்திடுவோம். அதான் குழந்தைக்கும் விட்டுட்டோம்" என்கிறார். ஒவ்வொரு அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் இப்படித்தானாம்.

"அமாவாசைக்கு நீங்க வாயைத் திறக்காம இருக்கீங்களா சார்?" என்று கேட்டுவிட்டேன்.

"பாடம்னா நியமம் உண்டேம்மா."

தன்னைக் கூப்பிட வந்த ஒரே சொல்லை நியமத்துக்குக் கொடுத்துவிட்டு நிற்கிறார். கோபு என் உதடுகளைத் தன் விரலால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, நான் சொல்வதற்காகக் காத்திருந்தான். எனக்கு இன்னும் ஆறவில்லை.

செல்லையா மாமா இந்தப் பக்கம் வந்தால் பழைய ரேடியோவைக் கொடுத்தனுப்புங்கள். சாயங்காலம் அறையில் பேச்சுச் சத்தம் இருந்தால் தேவலை. நார்த்தங்காய் ஊறுகாயும் கொஞ்சம்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. அஷ்டமி போகட்டும், நவமி போகட்டும் என்று நீங்களும் பதிலைத் தள்ளிப்போடுகிறவர்தான். இந்தத் தடவை நாள் பார்க்காமல் எழுதுங்கள், அப்பா.

திலகம்