யார் மகள் என்று கேட்டவர்

செவ்வாய், இரவு. விட்டு விட்டு மழை.

ரயில் நிலையத்தில் எடுத்த என் படத்தை நேற்று எல்லோரும் பார்க்கும்படி முகநூலில் போட்டிருந்தேன். முன்பின் தெரியாத ஒருவர் அதன் கீழே, "நம்ம ஊரா? யாரு மக?" என்று கேட்டிருந்தார். நான் பதில் எழுதவில்லை. இன்று மாலை பார்த்தால் அப்பா எழுதியிருக்கிறார். என் மகள்தான், ரத வீதியில் பாத்திரக்கடை, மாடியிலேயே வீடு, அவசியம் வாருங்கள்.

படத்தையே அழித்துவிட்டுக் கடைக்கு இறங்கினேன்.

"யாருன்னே தெரியாதவன்கிட்ட வீட்டைச் சொல்லுவியளாப்பா?"

"பஸ்ல பக்கத்துல உக்காந்திருக்கவன் கேட்டா சொல்ல மாட்டமா? பேசாம இருந்தா அவன் என்ன நெனைப்பான்?"

"இது பஸ் இல்ல. நீங்க எழுதுதத ஊரே படிக்கும். எனக்கு அசிங்கமா இருக்கு."

பயமாக இருக்கிறது என்றுதான் சொல்ல வந்தேன். வாயில் வந்தது வேறு. கடையில் ஆட்கள் நின்றார்கள். அப்பா தன் போனை என் கையில் வைத்தார்.

"நீயே வச்சுக்கோ மக்கா. எனக்கு என்னத்துக்கு."

அம்மா இறந்த பிறகு நான்தான் அதை வாங்கிக் கொடுத்தேன். இப்போது என் மேசையில் இருக்கிறது. சற்றுமுன் வெளிச்சம் வந்தது. அப்பா எப்போதோ போட்ட கோபுரப் படத்தின் கீழே யாரோ கேட்டிருக்கிறார்: "சாப்டாச்சா அண்ணாச்சி?"

அப்பா சாப்பிடாமலே படுத்துவிட்டார். அதை அந்த மனிதருக்கு எழுத முடியவில்லை. எழுந்துபோய் அப்பாவைக் கூப்பிடவும் முடியவில்லை.