மேல்மாடி நாற்காலி

4-3-1984, ஞாயிறு

லூர்து மாதா கோவிலில் காலைப் பூசை. முடிந்து வெளியே வந்தால், வாசலில் சம்பந்தி பெர்னார்ட் வாத்தியாரைச் சுற்றி ஒரு கூட்டம். லண்டனில் பேரப்பிள்ளைக்கு ஞானஸ்நானம். நான், என் மனைவி மதலேனா, அவர், மூன்று பேரும்தான் சிங்கப்பூரிலிருந்து போகிறோம். ஆனால் பேசுவது அவர் ஒருவர்.

"புது 747லா. மேல்மாடியை நல்லா நீட்டிட்டானாம். படியேறித்தான் என் சீட்டுக்குப் போகணுமாம்."

"அப்ப சவரிமுத்து அண்ணனும் மேலேயா?" என்று யாரோ என்னைக் காட்டிக் கேட்டார்கள்.

"இல்ல இல்ல, அவங்க ரெண்டு பேரும் கீழே. எனக்கு மட்டும் பிசினஸ் கிளாஸ்."

இந்தச் செய்தி எனக்குத் தெரிந்ததே அங்கேதான். கோவில் வாசலில், நாலு பேர் முன்னால். மதலேனாவுக்குப் போன வாரமே தெரியுமாம். சொன்னால் கத்துவேன் என்று சொல்லவில்லையாம். நான் எங்கே கத்தினேன்? வீட்டுக்கு வந்துதான் கத்தினேன்.

6-3-1984, செவ்வாய்

பிலோமினா லண்டனிலிருந்து போன் செய்தாள். மகளைப் பார்த்து நாலு வருடம் ஆகிறது. எடுத்ததும் கேட்டேன்: "உன் புருஷன் அவங்க அப்பனுக்கு மேலே, மாமனாருக்குக் கீழேன்னு எந்தச் சட்டத்துல வச்சான்?"

"அப்பா, அது இவர் ஊருக்குப் போய்வர கம்பெனி குடுக்கிற டிக்கெட். வருஷத்துக்கு ஒண்ணுதான். கைப்பிள்ளையை விட்டுட்டு இவர் வர முடியல, மாமா பேருக்கு மாத்திக் குடுத்தார். மாமாவுக்கு இடுப்பு சரியில்லப்பா."

"எனக்கு முழங்கால் சரியா இருக்கா?"

போனை வைத்த பிறகுதான், பிள்ளை எப்படி இருக்கிறான் என்று கேட்காதது நினைவுக்கு வந்தது. அதுவும் அந்த வாத்தியாரால் வந்த வினை.

7-3-1984, சாம்பல் புதன்

மதலேனா சொல்கிறாள்: "தவக்காலத்துக்குக் கறியை விட்டுட்டீங்க, அந்த சீட்டை விடமாட்டேங்கறீங்களே."

9-3-1984, வெள்ளி

சிராங்கூன் ரோட்டில் நாகூர் கனியின் டிராவல் ஏஜென்சிக்குப் போனேன். நம் டிக்கெட்டும் அவரிடம்தான் எடுத்தது. விமானத்தின் உள்ளமைப்பைப் படம் போட்ட புத்தகம் இருந்தால் கொடுங்கள் என்றேன். பளபள தாளில் ஒன்று கொடுத்தார். அங்கேயே உட்கார்ந்து படித்தேன். சந்தேகம் வந்த இடத்தில் கேட்டேன். முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் எவ்வளவு இடைவெளி, எவ்வளவு சாயும், கால் வைக்கப் பலகை உண்டா, மேல்மாடியில் வரிசைக்கு எத்தனை பேர்...

கனி தலையைச் சொறிந்தார். "அண்ணே, நீங்க ஏறப்போற ப்ளேனா, வாங்கப்போற ப்ளேனா?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். நான் பள்ளிக்கூடம் போய் இங்கிலீஷ் படிக்கவில்லை. துறைமுகத்தில் பெட்டிகள்மேல் அச்சடித்திருந்ததைப் பார்த்துப் பார்த்துப் படித்தவன். எனக்குத் தெரியாததைக் கேட்பதில் வெட்கம் கிடையாது.

மேல்மாடியில் பக்கத்துக்கு இரண்டு பேர்தான். சன்னலோரம் மூடி போட்ட பெட்டி வேறு, பை வைத்துக்கொள்ள. கீழே வரிசைக்குப் பத்துப் பேர். வாத்தியார் பைக்கு இருக்கிற மரியாதைகூட என் முழங்காலுக்கு இல்லை.

12-3-1984, திங்கள்

ஹாலில் இரண்டு நாற்காலியை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு, புத்தகத்தில் கண்ட அளவுக்கு டேப் வைத்து அளந்தேன். பின்னால் உட்கார்ந்தேன். முழங்கால் இடித்தது. இடிக்கும் என்று தெரியும். ஆனாலும் இடித்தபோது ஒரு திருப்தி.

மதலேனா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "லண்டன் வந்துருச்சா?"

13-3-1984

நாற்காலிகள் அப்படியே இருக்கின்றன. எடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

18-3-1984, ஞாயிறு

பூசைக்குப் பிறகு வாத்தியார் தேக்கா வரை கூடவே நடந்து வந்தார். கிளமெண்டிக்கு பஸ் ஏற வேண்டியவர், எதற்கு இத்தனை தூரம்? வழியெல்லாம் குளிருக்கு என்ன சட்டை எடுத்துக்கொள்வது என்று மதலேனாவிடம் பேச்சு. அவள் சிரிக்கிறாள். என்னிடம் கேட்டால் நான் சொல்லமாட்டேனா?

யோசித்துப் பார்க்கிறேன். அந்த ஆளுக்கு உத்தியோகமே நாற்காலியில்தான். வகுப்புக்குள் நுழைந்தால் பிள்ளைகள் எழுந்து நிற்கும், இவர் உட்காருவார். நான் கிடங்கில் முப்பது வருடம் நின்றே வேலை பார்த்தவன். உட்கார்ந்தால் துரை வந்துவிடுவான் என்ற பயம். ஓய்வு பெற்ற பிறகாவது ஒரு நல்ல நாற்காலி வரும் என்று பார்த்தால், அதுவும் அவருக்கே போகிறது. பேராசையா இது? எனக்குத் தெரியவில்லை. எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

25-3-1984, ஞாயிறு

சொல்லிவிட்டேன். பிசினஸ் கிளாஸ் இல்லையென்றால் நான் வரப்போவதில்லை. இதுதான் முடிவு.

மதலேனா பேசவில்லை. பேரனுக்காகப் பின்னிக்கொண்டிருந்த குல்லாயை மடியில் வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். நாலு வருடமாக மகளைப் பார்க்கவில்லை என்று அவள் வாயால் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

26-3-1984

இன்றும் பேசவில்லை. சோறு மட்டும் வந்தது.

27-3-1984, செவ்வாய்

பேசிவிட்டாள். "நீங்க இருங்க. நான் சம்பந்திகூடப் போயிட்டு வர்றேன். பிலோமினாகிட்ட சொல்லிட்டேன்."

"சம்பந்தி கூடயா? நீயும் அவருமா?"

"ஆமா. அவர் மேலே, நான் கீழே. உங்களுக்கென்ன?"

எனக்கென்னவா!

28-3-1984

போகிறேன். சீட்டுக்காக அல்ல.

22-4-1984, உயிர்ப்பு ஞாயிறு

கோவில் வாசலில் எல்லோரும் வாத்தியாருக்குக் கைகொடுத்து, "மேல்மாடி எப்படி இருந்துச்சுன்னு வந்து சொல்லுங்க" என்றார்கள். எனக்கும் கைகொடுத்தார்கள். எனக்கு ஒன்றும் சொல்லவில்லை.

24-4-1984, செவ்வாய். விமானத்தில்.

நான் மேல்மாடியில் இருக்கிறேன்.

நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன். சாங்கியில் விமானம் ஏறக் காத்திருந்தோம். நான் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். வலித்தது, தேய்த்தேன், அவ்வளவுதான். பெருமூச்சும் விட்டிருக்கலாம். வாத்தியார் பார்த்துக்கொண்டே இருந்தவர், தன் போர்டிங் கார்டை எடுத்து என் சட்டைப்பையில் செருகிவிட்டு என்னுடையதை உருவிக்கொண்டார்.

"நீங்க மேலே போங்க சம்பந்தி. எனக்கு எல்லாம் ஒண்ணுதான்."

"உங்க இடுப்பு?"

"அது எங்க உட்கார்ந்தாலும் வலிக்கும் லா."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது. மதலேனா என்னைப் பார்த்த பார்வையை எழுதப்போவதில்லை.

கேட்காமலே கொடுத்துவிட்டார். அதுதான் பொறுக்கவில்லை. இரண்டு மாதமாக நான் மனத்துக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்த பொருளை, வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக் கொடுக்கிற மாதிரி கொடுத்துவிட்டார்.

சரி, சீட்டு. அகலம் நன்றாக இருக்கிறது. துணி மெத்தென்று இருக்கிறது. சன்னலோரப் பெட்டி புத்தகத்தில் கண்டபடியே. என் பையை வைத்து மூடினேன், திறந்தேன், மறுபடி மூடினேன். மேலே சத்தமே இல்லை, என்ஜின் எங்கேயோ தூரத்தில். ஆரஞ்சுச் சாறு கண்ணாடி டம்ளரில்.

ஒன்றே ஒன்று. பணிப்பெண் கையில் பெயர் எழுதிய தாள் இருக்கிறது. "குட் மார்னிங், மிஸ்டர் பெர்னார்ட்." டம்ளர் தரும்போது மிஸ்டர் பெர்னார்ட். சூடான துண்டு தரும்போது மிஸ்டர் பெர்னார்ட். கோழியா மீனா, மிஸ்டர் பெர்னார்ட்? நான் அவரில்லை என்று சொன்னால் கீழே அனுப்பிவிடுவாளோ? மீன் என்றேன்.

அதே நாள், பிறகு.

சாப்பாடு முடிந்து சன்னல்களை மூடிப் படம் போட்டார்கள். நான் சாய்ந்து பார்த்தேன். முக்கால்வாசிதான் சாய்கிறது. கண் அசந்தால் உடம்பு கீழே வழுக்குகிறது. கால்பலகை குட்டை, குதிகால் தொங்குகிறது. பக்கத்து சீட்டு காலியாகத்தான் இருந்தது, படுக்கலாம் என்று பார்த்தால் நடுவில் இருக்கும் கைப்பிடி தூக்க வரவில்லை. சாப்பாட்டு மேசையை அதற்குள்ளேதான் மடித்து வைத்திருக்கிறார்கள். இதை எந்தப் புத்தகத்திலும் போடவில்லை.

கீழே என்ன செய்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வரலாம் என்று இறங்கினேன்.

மதலேனா மூன்று சீட்டிலும் காலை நீட்டிப் படுத்திருக்கிறாள். கீழே கைப்பிடியெல்லாம் மடக்கி மேலே தூக்கிவிடலாமாம். ஓரத்து சீட்டு காலியாக இருந்திருக்கிறது. நடுசீட்டு — அது என் சீட்டு — அதையும் விட்டுக்கொடுத்துவிட்டு, வாத்தியார் எதிர்ப்பக்கம் நாலு பேர் வரிசையில் இரண்டு வெள்ளைக்காரர்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்திருக்கிறார், நிமிர்ந்து, இடுப்புக்குத் தன் கோட்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு. மதலேனா வீட்டில்கூட இப்படி அசந்து தூங்கி நான் பார்த்ததில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது.

நான் நின்றுகொண்டிருக்கும்போதே ஒரு பணிப்பெண் வந்தாள். என்னைத் தாண்டிப் போய் வாத்தியாரிடம் குனிந்து கேட்டாள், "சார், உங்க மனைவிக்கு இன்னொரு கம்பளி வேணுமா?"

"அவங்க என் மனைவி இல்லம்மா, சம்பந்தி" என்று இங்கிலீஷில் விளக்கப் பார்த்தார். சம்பந்திக்கு இங்கிலீஷில் என்ன சொல்வது? அவருக்கே வரவில்லை. அவள் சிரித்துக்கொண்டே கம்பளியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

அப்போதுதான் என்னைக் கவனித்தார். "என்ன சம்பந்தி, மேலே சௌகரியமா?"

"ரொம்ப சௌகரியம்" என்றேன்.

எங்கே உட்காருவது? என் சீட்டில் அவள் கால் இருக்கிறது. எழுப்ப மனம் வரவில்லை. கம்பளியை வாங்கி நானே போர்த்திவிட்டு மேலே வந்துவிட்டேன். படியில் மேல்மாடிப் பணிப்பெண். "தூங்கவில்லையா, மிஸ்டர் பெர்னார்ட்?"

கீழே மதலேனாவை அவர் பெண்டாட்டி என்று நினைக்கிறார்கள். மேலே என்னையே அவராக நினைக்கிறார்கள். அப்படியென்றால் சவரிமுத்து எங்கே உட்கார்ந்திருக்கிறான்?

27-4-1984, வெள்ளி. லண்டன்.

வாத்தியாரால் எழுந்திருக்க முடியவில்லை. விமான நிலையத்திலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். இரண்டு நாளாகத் தரையில் படுக்கை. மருமகன் அற்புதராஜ் நல்ல பிள்ளை, மாமனாரிடம் ஒன்றும் கேட்கவில்லை. பிலோமினா கேட்டாள்.

"ஏன்பா இப்படிப் பண்ணீங்க?"

"அவராத்தான் கொடுத்தார்."

"அவர் கொடுப்பாருன்னு உங்களுக்குத் தெரியாதா?"

எனக்கு எப்படித் தெரியும்? நான் கொடுத்திருக்க மாட்டேனே.

பேரன் நீளமான கால்காரன். அது எங்கள் பக்கம்.

6-5-1984, ஞாயிறு

ஞானஸ்நானம் நடந்தது. முதல் பேரன், அப்பாவழித் தாத்தா பெயர், முறைதான். பெர்னார்ட்.

கோவிலுக்குள் பிள்ளையைத் தூக்கிப்போக வேண்டியவர் வாத்தியார். வாசல் பெஞ்சிலிருந்து எழப் பார்த்தார், பாதியில் முகம் வெளிறிப்போய் உட்கார்ந்துவிட்டார். "நீங்க தூக்குங்க சம்பந்தி" என்றார். இதையும் அவரேதான் எனக்குக் கொடுக்க வேண்டியிருந்தது.

தூக்கிக்கொண்டு போனேன். கனமே இல்லை. யாருக்கும் கேட்காமல், "குட் மார்னிங், மிஸ்டர் பெர்னார்ட்" என்றேன். கொட்டாவி விட்டான்.

20-5-1984, ஞாயிறு

மூட்டை கட்டுகிறோம். வாத்தியார் இப்போது நடக்கிறார். சாப்பிடும்போது சொன்னார், "போகும்போதும் நீங்களே மேலே போங்க சம்பந்தி. எனக்கு இப்ப பரவாயில்ல."

"வேண்டாம். உங்க மகன் உங்களுக்குக் குடுத்தது, நீங்க உட்காருங்க. அந்தச் சீட்டு எனக்குச் சரிப்படாது. கைப்பிடி தூக்க முடியல, கால்பலகை குட்டை. பெரிசாக் கட்டுறான், யோசிச்சுக் கட்டல."

மதலேனா தட்டைப் பார்த்துச் சிரித்தாள். நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

22-5-1984, செவ்வாய். விமானத்தில்.

விமானம் நிறைய ஆட்கள். காலி சீட்டு ஒன்றுகூட இல்லை. மதலேனா சன்னலோரம், நான் நடுவில், ஓரத்தில் ஒரு சீனக் கிழவி. டேப் வைத்து அளந்தது சரிதான். முழங்கால் முன்சீட்டில் இடிக்கிறது, ஹாலில் இடித்த அதே இடத்தில்.

சாப்பாடு முடிந்ததும் மேலிருந்து ஒரு தட்டு வந்தது. சாக்லெட், இரண்டு வகைச் சீஸ், திராட்சை. "மேல்மாடியில் மிஸ்டர் பெர்னார்ட் கொடுக்கச் சொன்னார்." எங்களுக்கு ரப்பர் மாதிரி கேக். மேலே இது. பார்த்ததும் வயிறு எரிந்தது. சீஸ் நன்றாக இல்லை. திராட்சை பரவாயில்லை. சாக்லெட்டை மதலேனா கிழவிக்கும் கொடுத்தாள்.

மதலேனாவுக்குக் கால் வீங்கிவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள். எங்களுக்கு நடுவிலிருந்த கைப்பிடியை மேலே தூக்கிவிட்டேன். சன்னல் பக்கம் சாய்ந்து காலை என் மடியில் போடச் சொன்னேன்.

"ஐயோ, யாராவது பார்ப்பாங்க."

"பார்க்கட்டும்."

போட்டாள். கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டாள். அதனால் இதை ஒரு கையால் எழுதுகிறேன், எழுத்து கோணுகிறது. அசைய முடியவில்லை. முழங்கால் மரத்துப்போய்விட்டது.

இப்போதுதான் பணிப்பெண் வந்து குனிந்து கேட்டாள், "சார், உங்க மனைவிக்குக் கம்பளி வேணுமா?"

என்னைத்தான் கேட்டாள்.