தட்டிக்கு முன்னால் என் நாற்காலி

ஆம்பூர், 11 ஜூன் 1962

காலையில் கால்பந்துக் கமிட்டிச் செயலாளர் இஷ்தியாக் அகமது வந்தார். தோல் மண்டிக்காரர், நல்ல மனிதர், காபியை ஆறவிட்டுப் பேசுகிறவர். இந்த வருஷப் போட்டியில் பெண்கள் பகுதிக்குக் கோணித் தட்டி கிடையாதாம். பம்பாயிலிருந்து வலைத்துணி வருகிறதாம்.

"உள்ளேர்ந்து பார்த்தா கிரவுண்டு தெரியும். வெளியேர்ந்து உள்ளே தெரியாது. லேடீஸ் அவங்களே பார்த்துப்பாங்கம்மா. உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்?"

வீண் சிரமம்! சென்னை வானொலியில் பதினேழு வருஷம் பெண்கள் நிகழ்ச்சி நடத்தியவளிடம். என் கணவர் காலமான மறு வருஷம் மைக் முன்னால் உட்கார்ந்தேன். ஒரு பெயரைத் தவறாகச் சொன்னதில்லை. ஓய்வு பெற்று இங்கே வந்ததும் இதே கமிட்டிதான் தேடி வந்தது: தட்டிக்குப் பின்னால் எங்கள் பெண்களுக்கு ஆட்டம் தெரிவதில்லை, நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள் என்று. அன்றிலிருந்து தட்டிக்கு முன்னால் என் நாற்காலி, தட்டிக்குப் பின்னால் அவர்களுக்கென்று ஒரு ஸ்பீக்கர். நான்தான் அவர்களுக்குக் கண்.

"முடிவாகிவிட்டதா?" என்றேன்.

"அடுத்த மாசம் மீட்டிங்."

அப்படியானால் இன்னும் முடிவாகவில்லை.

13 ஜூன்

கிரேஸி வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். என் மருமகள், கண் வார்டில் நர்ஸ். வந்ததும் வராததுமாகக் கண்புரை பற்றிப் பேச்சு. எனக்கு நன்றாகவே தெரிகிறது என்றேன்.

17 ஜூன்

செயலாளரின் மனைவி பில்கிஸைப் பார்க்கப் போனேன். பெண்கள் ஒரே குரலில் கேட்டால் கமிட்டி என்ன செய்துவிடும்?

விஷயத்தைச் சொன்னதும் பில்கிஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "வலை வந்தா இன்னா, கோணி இருந்தா இன்னா, ரேடியோம்மா? நாங்க எப்பவும் பார்த்துக்கினுதானே இருந்தோம்!"

"எப்படி?"

"கத்தரிக்கோல் எதுக்கு இருக்குது? ஆளுக்கு ஒரு ஓட்டை. எங்க மாமியாருக்கு ரெண்டு!"

முதல் வருஷத்திலிருந்தே. நான் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அத்தனை நாளும்.

"பிறகு நான் எதற்கு?"

"பார்த்தா இன்னா தெரியுது? ஆம்பளைங்க ஓடுறாங்க, தூசி பறக்குது. நீங்க சொன்னாத்தான் அது மேட்ச்சு."

அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனா போன வருஷம் ஃபைனல்ல சின்னசாமி போட்ட ரெண்டாவது கோலை லோகநாதனுக்குத் தூக்கிக் குடுத்துட்டீங்களே! உள்ளே ஒரே சிரிப்பு. சொன்னா உங்களுக்குப் பேஜாராயிடும்னு யாரும் வாயத் தொறக்கல."

நானும் சிரித்தேன். வாசல்வரை சிரித்துக்கொண்டே வந்தேன்.

18 ஜூன்

லோகநாதன் நெட்டை. சின்னசாமி குள்ளம். இரண்டு பேருமே குடியாத்தம் அணி. நான் பார்த்தது ஒரு நீலச் சட்டையை மட்டும். மீதியைக் கூட்டத்தின் சத்தத்தை வைத்து நிரப்பியிருக்கிறேன். இன்னும் எத்தனை ஆட்டங்களில்? என்னிடம் வேலை பார்த்த எந்த அறிவிப்பாளராவது இப்படிச் செய்திருந்தால் கதவைக் காட்டியிருப்பேன். உச்சரிப்பு பிசகினால் ஸ்கேலை எடுத்த கான்வென்ட் மதர் கிளேரின் மாணவி நான்—

என்னையே கேட்டுக்கொண்டேன்: தெரியுதுன்னு சொன்னியே. இன்னாத்த தெரிஞ்சுது உனக்கு?

சரி. நானே விலகிக்கொள்வதா? எதுக்கு விலகணும்? கண்ணைச் சரி பண்ணினா ஆச்சு.

20 ஜூன்

"ஆபரேஷனுக்கு நாள் பார்" என்றேன். கிரேஸி என்னையே பார்த்தாள். "ரெண்டு வருஷமா நான் சொன்னப்போ கேக்கலயே அத்தை?"

"அப்போது நீ சொன்னாய். இப்போது நான் சொல்கிறேன்."

பில்கிஸுக்கும் சொல்லி அனுப்பினேன்: மைதானத்தில் ஆளை அடையாளம் தெரிந்தால்தான் உட்காருவேன். தெரியாவிட்டால் கமிட்டி சொல்ல வேண்டாம், நானே எழுந்துகொள்வேன்.

வேலூர், 21 ஜூலை

ஆபரேஷன் முடிந்து, கண் கட்டைப் பிரித்து, பேனாவைத் தொட இன்றுதான் அனுமதி. தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து, ஒரு வாரம் அசையக் கூடாது என்றார்கள். வாயை யாரும் தடுக்கவில்லை. காலையில் வேதம் வாசிக்க வரும் பெண்ணுக்கு இப்போது ழகரம் வருகிறது.

கிரேஸி செய்தி கொண்டுவந்தாள். கமிட்டி கூடிய அன்று அந்தக் கமிட்டிக்காரர்கள் ஒருவர் வீட்டிலும் அடுப்பு எரியவில்லையாம். வலையும் உண்டு, என் நாற்காலியும் உண்டு என்று தீர்மானம்.

அவர்கள் தீர்மானம் அது. என் தீர்மானம் கண்ணாடி வந்த பிறகு.

ஆம்பூர், 30 ஆகஸ்ட்

கண்ணாடி வந்துவிட்டது. சோடா பாட்டிலின் அடிப்பாகம்போல் கனம். கதவு நிலை வளைகிறது, படி எங்கேயோ இருக்கிறது. சாயங்காலம் மாடியில் நின்று, ஷிஃப்ட் முடிந்து தெருவில் போன தோல் ஷெட் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தேன்.

எல்லாரும் திரும்பினார்கள்.

16 செப்டம்பர்

முதல் ஆட்டம். விசிலுக்கு முன் மைக்கில் சொன்னேன்: "ஒரு திருத்தம். சென்ற வருஷம் இறுதி ஆட்டத்தில் இரண்டாவது கோலைப் போட்டவர் குடியாத்தம் அணியின் சின்னசாமி. லோகநாதன் என்று நான் அறிவித்தது தவறு."

பின்னாலிருந்து பில்கிஸின் குரல்: "அப்பாடா! அந்த ஆளுக்கு இன்னிக்குத்தான் கோல் வந்து சேர்ந்துச்சு!" அதன் பிறகு எழுந்த சிரிப்பில் ஆட்டம் தொடங்கியதையே கொஞ்சம் உரக்கத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

மூன்று கோல்கள். மூன்றையும் போட்டவர்களை, பந்து அவர்கள் காலுக்கு வரும்போதே பெயர் சொன்னேன்.

இடைவேளையில் முதன்முறையாகத் திரும்பிப் பார்த்தேன். பம்பாயிலிருந்து வந்த புத்தம்புது வலைத்துணி. கண் உயரத்தில் வரிசையாக ஓட்டைகள். வலையில் எதற்கு ஓட்டை என்று கேட்கவில்லை. ஓரத்தில் மட்டும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு. அவற்றைப் பார்த்து வணக்கம் சொன்னேன்.