தலைவர் காலமானார் என்று டீச்சர் சொன்ன நாள்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம், உன் அப்பாவின் முழங்கால் மட்டும் எங்களோடு சேராமல் தனிக்கட்சி நடத்துகிறது. டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார், இவரும் நடக்கிறார், வாசல் வரைக்கும். நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தி குட்டி வாலுவும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் தங்கை வேலை மாறிவிட்டாள், புது ஆபீஸில் ஜன்னலோரம் இடமாம், வேலை எப்படி என்று கேட்டால் ஜன்னலைப் பற்றியே பேசுகிறாள்.

போனில் நீ சொன்னதுதான் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. வாலுவின் பள்ளியில் அந்த நாட்டையே உலுக்கிய பழைய கப்பல் விபத்தைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தார்களாம், எல்லாப் பிள்ளைகளும் எழுந்து மௌனமாக நின்றபோது இவள் மட்டும் கையைத் தூக்கி, எங்கப்பாவுக்கு நீச்சல் தெரியாது என்றாளாம், டீச்சர் உன்னைக் கூப்பிட்டு அனுப்பினாராம், நீயும் வீட்டுக்கு வந்து அவளைத் திட்டினாயாம். அவசரப்பட்டுவிட்டாயே என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் உன் அப்பா போனைப் பிடுங்கி முழங்கால் புராணத்தை ஆரம்பித்துவிட்டார். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எனக்கும் அப்போது வாலுவின் வயதுதான். உன் தாத்தாவுக்கு ரொட்டித் தொழிற்சாலையில் மாவு பிசையும் வேலை. தொழிலாளர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர், அதனால் பால்காரர் முதல் தபால்காரர் வரை எல்லோரும் அவரைத் தலைவர் என்றுதான் கூப்பிடுவார்கள். என் அம்மாகூடக் கோபம் வந்தால், தலைவருக்குக் குளிக்க இன்னும் நேரம் வரலையா என்பாள். எனக்குத் தெரிந்து உலகத்துக்கே ஒரு தலைவர்தான். வகுப்பில் கரும்பலகைக்கு மேலே ஒரு பெரியவர் படம் மாட்டியிருக்கும், நாட்டை ஆள்கிறவர் என்று சொல்லியிருந்தார்கள், ஆனால் அவர் பாட்டுக்குச் சுவரில் இருந்தார், நான் பாட்டுக்குப் பெஞ்சில் இருந்தேன்.

ஒருநாள் காலையில் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தோம். எங்கள் கணக்கு டீச்சர் சிரித்தும் யாரும் பார்த்ததில்லை, அழுதும் பார்த்ததில்லை. பியூன் வந்து காதில் என்னவோ சொன்னதும் நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பிறகு எங்களைப் பார்த்து, “பிள்ளைங்களா, நம்ம தலைவர் காலமாயிட்டார். விமானம் விழுந்துடுச்சு” என்றார். காலமாவது என்றால் என்ன என்று பக்கத்தில் இருந்த முட்டைக்கண்ணியைக் கேட்டேன், செத்துப்போவது என்றாள். காலையில் சைக்கிளில் போன அப்பா எப்போது விமானம் ஏறினார் என்று முதலில் குழம்பினேன், அப்புறம் விமானம்தான் தொழிற்சாலை மேல் விழுந்திருக்க வேண்டும் என்று நானே முடிவுகட்டி, ஓவென்று அழ ஆரம்பித்தேன். டீச்சர் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார், இந்தச் சின்னப் பிள்ளைக்கு இருக்கிற நாட்டுப்பற்றைப் பாருங்கள் என்று வகுப்புக்கே என்னைக் காட்டினார். நாட்டுப்பற்று என்பதும் சாவு சம்பந்தப்பட்ட ஒன்று போலிருக்கிறது என்று நான் இன்னும் கூடுதலாக அழுதேன்.

பள்ளி விட்டதும் வீட்டுக்குப் போகாமல் நேரே தொழிற்சாலைக்கு ஓடினேன். வாசலில் காவல்காரர் ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு தேம்புகிறார். சரி, உண்மைதான் என்று அவரைத் தாண்டி ஓடினேன். உள்ளே இயந்திரங்கள் எல்லாம் நின்றிருந்தன, ஆட்கள் தலைகுனிந்து நின்றார்கள், நடுவில் உச்சி முதல் பாதம் வரை வெள்ளையாக ஓர் உருவம். அப்பாவின் பேய் என்றுதான் நினைத்தேன். அது துண்டை எடுத்து மூக்கைச் சிந்தியது. பேய் மூக்குச் சிந்தாது என்பது எனக்குத் தெரியும். மாவு படிந்த அந்தக் கன்னத்தில் கண்ணீர் இறங்கிய இரண்டு கோடுகளைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. அப்பா சாகல, அப்பா சாகல என்று கைதட்டிக் குதித்தேன். சூப்பர்வைசர், துக்கம் தெரியாத பிள்ளை என்று அதட்டினார். அப்பா அவரைக் கையமர்த்திவிட்டு என்ன விஷயம் என்று கேட்டார், விமானம் விழுந்த கதையை விக்கி விக்கிச் சொன்னேன். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, காவல்காரருக்கும் வந்தது, அப்புறம் எல்லோரும் ரேடியோவைப் பார்த்து வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டார்கள்.

சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வீட்டுக்கு வரும்போது கடைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. அப்போ செத்துப்போனது யாருப்பா என்று கேட்டேன். அவர் பெடலை மிதித்துக்கொண்டே, “வகுப்புல மாட்டியிருக்காரே, அவரு. அவருக்கும் உன் வயசுல ஒரு பொண்ணு இருக்கும்மா. அதுவும் இன்னைக்கு உன்ன மாதிரிதான் எங்கயாவது ஓடியிருக்கும்” என்றார். அப்போதுதான் எனக்கு நிஜமான அழுகை வந்தது. டீச்சர் மெச்சிய அழுகை இல்லை இது, சத்தமே வரவில்லை. அப்பாவின் முதுகில் முகத்தை வைத்து அழுததில் மாவும் கண்ணீரும் சேர்ந்து கன்னத்தில் அப்பிக்கொண்டன, அம்மா சுரண்டித்தான் எடுத்தாள்.

நாட்டுக்கு வந்த துக்கம் சின்னப் பிள்ளைக்குச் சொந்த வீட்டு வாசல் வழியாகத்தான் உள்ளே வரும். வாலு மரியாதை தெரியாமல் பேசவில்லை, பயந்துபோய்ப் பேசியிருக்கிறாள். மடியில் உட்காரவைத்து, என்ன பயம் என்று கேள், சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசாதே. அவள் மனம் ஆறிய பிறகு, அந்தக் கப்பலில் போனவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள் என்று நீயே சொல். அழுதால் அழட்டும், அதை மட்டும் தடுக்காதே.

மூவரும் நோய்நொடி இல்லாமல் நூறாண்டு வாழ வேண்டும். அங்கே குளிர் தொடங்கியிருக்கும், தலை ஈரத்தோடு வெளியே போகாதே. போட்டோ அனுப்பும்போது உன் முகமும் அதில் இருக்கட்டும், எப்போதும் எடுப்பவளாகவே இருந்துவிடுகிறாய், உன்னைப் பார்த்து வெகுநாளாகிறது.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா