நீ சொல்லி முடிக்கும் வரை

மார்ச் 4

அன்புக் கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான் நலம். நீயும் வயிற்றுக் குட்டியும் நலம்தானே? ஞாயிற்றுக்கிழமையிலிருந்து போன் அடிக்கிறேன், நீ எடுப்பதில்லை. மாப்பிள்ளைதான் எடுத்து, "தூங்குறா அத்தை" என்கிறார். நீ எப்போது தூங்குவாய், எப்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருப்பாய் என்று எனக்குத் தெரியாதா? அந்தப் பிள்ளைக்குப் பொய் சொல்ல வரவில்லை, பாவம். அதனால்தான் தபாலில் எழுதுகிறேன். என்னதான் கோபம் இருந்தாலும் வந்த கடிதத்தைப் பிரிக்காமல் உன்னால் இருக்க முடியாது.

கடைசியாகப் பேசிய அன்றைக்கு நீ, "டாக்டர் படுத்தே இருக்கச் சொல்லிட்டார்ம்மா. நீ மட்டும் இருந்தா..." என்று சொல்லி நிறுத்தினாய். நீ முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். போன் கட்டாகிவிட்டது. லைன் போய்விட்டது என்றுதான் நானும் முதலில் நினைத்தேன்.

இங்கே என் வேலையே காத்திருப்பதுதான் கண்ணு. கண்ணாடித் தடுப்பு போட்ட சின்ன அறை, ஒரு வட்ட மேஜை, நாலைந்து பேர். அவர்களை ஆங்கிலத்தில் பேச வைக்க வேண்டும். ஒரு மணி நேர வகுப்பில் பத்து நிமிஷத்துக்கு மேல் நான் வாயைத் திறக்கக் கூடாது. சேர்ந்த புதிதில் இந்த ஆங்கிலப் பயிற்சிப் பள்ளியின் மேலாளர் பின்னால் உட்கார்ந்து கேட்டுவிட்டு, "பேசறதுக்குப் பணம் கட்டினது அவங்க, பேசினது பூரா நீங்க" என்றார். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் தொண்டை கிழியக் கத்திய எனக்கு அது எப்படி இருந்திருக்கும் பார்.

என்னிடம் ஒரு பல் டாக்டர் படிக்கிறார். ஊரில் எல்லார் வாயையும் திறக்கச் சொல்கிறவர், என் வகுப்பில் தன் வாயைத் திறக்க மாட்டார். ஒரு வாக்கியத்தை ஆரம்பித்துப் பாதியில் நின்றுவிடுவார். மீதியை நான் எடுத்துக் கொடுக்கக் கூடாது. அவர் காதெல்லாம் சிவந்து போகும். நான் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பேன். கடைசியில் எப்படியோ வந்துவிடும். அந்தப் பழக்கத்தில்தான் உன்னிடமும் சும்மா இருந்துவிட்டேன். எனக்குக் கோபமெல்லாம் இல்லை. சொல்ல வந்ததைச் சொல்.

உன் அம்மா

மார்ச் 15

அன்புள்ள அம்மா,

உன் கடிதம் கிடைத்தது. நான் நிஜமாகவே தூங்கினேன். சரி, தூங்கவில்லை.

பிறந்ததிலிருந்து உன்னிடம் ஒரு பேச்சையாவது நான் முழுசாகப் பேசியிருப்பேனா? "ஸ்கூல்ல இன்னிக்கு" என்று ஆரம்பித்தால், யார் அடித்தது, யார் அழுதது, டீச்சர் என்ன சொன்னார் என்பது வரை நீயே சொல்லி முடித்துவிடுவாய். எத்தனை நாள் இதற்காக உன்னோடு சண்டை போட்டிருக்கிறேன்! ஆனால் இவரைப் பிடித்திருக்கிறது என்று அப்பாவிடம் சொல்ல முடியாமல் கதவோரம் நின்றேனே, அன்றைக்கு எனக்காக நீதான் சொன்னாய். நான் வாயைத் திறக்கவே இல்லை.

அன்றைக்குப் போனிலும் அதற்காகத்தான் நிறுத்தினேன். "நான் இருந்தா நல்லா இருக்கும்னுதானே சொல்ல வர்ற, இதோ கிளம்பிட்டேன்டி" என்று நீ முடிப்பாய் என்று நினைத்தேன். உன் பக்கம் மூச்சுச் சத்தம்கூட இல்லை. உனக்கு வர இஷ்டமில்லை, அதை எப்படிச் சொல்வது என்று முழிக்கிறாய் என்று எனக்குத் தோன்றிவிட்டது. போனை வைத்துவிட்டு ரொம்ப நேரம் அழுதேன். எந்தப் பல் டாக்டருக்காகவோ பழகியதை என்னிடமா காட்டுவது?

சரி, நானே சொல்லி முடிக்கிறேன். வந்துவிடு அம்மா. வேலையை விட்டுவிட்டு ஒரேயடியாக வந்துவிடு. பிரசவத்துக்கு இன்னும் ஆறு வாரம் என்கிறார்கள். பின்னறைக்குப் பெயிண்ட் அடித்து உன் கட்டிலைப் போட்டாகிவிட்டது. ஜன்னலுக்குக் கொசுவலையும் இவர் அடித்துவிட்டார். நான் நாளெல்லாம் மல்லாந்து படுத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இவர் ஒரு குறையும் வைப்பதில்லை. ஆனால் என்னை யாரும் திட்டுவதில்லை அம்மா. நீ திட்டிக்கொண்டே தலை வாரிவிடுவாயே, அதற்கு ஏங்கிக் கிடக்கிறேன்.

உன் மகள்

மார்ச் 27

என் கண்ணுக்கு,

உன் கடிதத்தைப் பேருந்தில் படித்தேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

மேலாளரிடம் கேட்டுவிட்டேன். ஜூன் கடைசி வரை விடுப்பு தருகிறார்கள். அதற்குள் திரும்பினால் என் வகுப்புகள் என்னுடையவை. வருவதற்கு எனக்கென்ன தடை? ஆனால் நீ 'ஒரேயடியாக' என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒரு சொல்லில்தான் நின்றுவிட்டேன்.

அப்பா போனபிறகு இரண்டு வருஷம் அந்த வீட்டில் நான் என்ன செய்தேன்? சாயங்காலம் விளக்கைப் போட்டேன், அப்புறம் அணைத்தேன். இங்கே என் ஜன்னலைத் திறந்தால் ஒரு சுவர்தான் தெரியும். படுக்கையும் அடுப்பும் ஒரே அறையில்தான். ஆனால் காலையில் முகம் கழுவும்போதே இன்றைக்கு இவர்களை என்ன பேச வைக்கலாம் என்று யோசனை ஓடுகிறது. போன வாரம் பல் டாக்டர் தன் தம்பியோடு போட்ட சண்டையை ஆரம்பித்து, முதல்முறையாக நிறுத்தாமல் சொல்லி முடித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. வேறு எதற்கும் எனக்கு இப்படிச் சந்தோஷம் வந்து எத்தனையோ காலமாகிறது.

உன்னை நினைக்காமல் இருக்கிறேன் என்று நினைக்காதே. நாளெல்லாம் அடக்கிய வாய், அறைக்கு வந்ததும் அடுப்போடு தமிழில் பேசுகிறது. முந்தாநாள் ஒரு பிள்ளைத்தாய்ச்சிப் பெண் பேருந்தில் ஏறச் சிரமப்பட்டாள். முன்பின் தெரியாதவள். கையைப் பிடித்து ஏற்றிவிட்ட நான் அவள் கையை விடவே இல்லை. அவள் ஒரு மாதிரி பார்த்தாள்.

டிக்கெட் எடுக்கப் போய், வரிசையில் நின்று, பாதியில் திரும்பி வந்துவிட்டேன். வந்து குழந்தை முகத்தைப் பார்த்துவிட்டால் கிளம்ப எனக்கு மனசு வராது. நீயும் விட மாட்டாய். அந்தப் பயம்தான். மகள் கூப்பிட்டும் யோசிக்கிற இவள் என்ன அம்மா என்று தோன்றும். திட்டு. ஆனால் பதில் போடு.

உன் அம்மா

ஏப்ரல் 10

அன்புள்ள அம்மா,

ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும், திருத்த ஆரம்பித்துவிடாதே. உன் பேத்தி மூன்று வாரம் முன்னாலேயே வந்துவிட்ட செய்தியை இவர் சொன்னபோது நீ போனில் அழுத அழுகையில் என்னால் எதுவும் பேச முடியவில்லை. இரண்டு பேரும் நன்றாக இருக்கிறோம். இவள் எலிக்குட்டி மாதிரி இருக்கிறாள். குரல் மட்டும் உன் குரல்.

உன் கடிதம் இவள் பிறப்பதற்கு முதல்நாள் வந்தது. படித்துவிட்டுக் கசக்கி எறிந்தேன். "பாத்தீங்களா எங்கம்மாவ? வர மாட்டாங்களாம்" என்றேன். இவர் அதை எடுத்துப் பிரித்து நிதானமாகப் படித்தார். "வர மாட்டேன்னு எங்கடி எழுதியிருக்காங்க? பயமா இருக்குன்னுதானே எழுதியிருக்காங்க" என்றார். எனக்குக் கோபம் இன்னும் கூடியது. அன்றைக்கு அவரோடும் பேசவில்லை.

மறுநாள் காலையில் வலி எடுத்தது. ஆஸ்பத்திரிக் கூரையே பிய்த்துக்கொள்கிற மாதிரி "அம்மா, அம்மா" என்று கத்தினேன். நர்ஸ் ஒருவர் என் நெற்றியைத் துடைத்துவிட்டு, "அம்மா வெளிய இருக்காங்களா? வரச் சொல்லவா?" என்று கேட்டார். "இல்ல சிஸ்டர், அம்மா வேலைக்குப் போயிருக்காங்க" என்றேன். அவ்வளவு வலியில் யோசித்தா சொல்வார்கள்? தானாக வந்தது. அவரும் "அப்படியா" என்று கேட்டுக்கொண்டு தன் வேலையைப் பார்த்தார். என்னை விட்டுவிட்டுப் போய்விட்டாய் என்றுதான் இத்தனை நாளும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதனால் இப்போது கேள். உடனே வா. எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும் அம்மா. இவளை எப்படிக் குளிப்பாட்டுவது என்றே தெரியவில்லை. ஆனால் வரும்போதே போவதற்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிடு, ஜூன் கடைசிக்கு. நீ போகும் நாளில் உன் பெட்டியை ஒளித்து வைத்தாலும் வைப்பேன். புடவையைப் பிடித்துக்கொண்டு, இருந்துவிடு என்று கெஞ்சுவேன். இப்போதே சொல்லிவிடுகிறேன், அன்றைக்கு நான் சொல்வதைக் கேட்காதே. கிளம்பிப் போ.

உன் மகள்